முதலில் வெளியே வந்தது பெஞ்ச்

இரண்டு மணிச் சங்கு ஊதி அடங்கியது. ஒரகடம் சாலையில் இருந்த அந்த நட்டு போல்ட்டுக் கம்பெனியின் இரும்புக் கேட்டை வாட்ச்மேன் இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்து வைத்தார்.

கேட்டுக்கு நேர் எதிரே, புளியமரத்து நிழல் ஒரு முழம் எட்டாத இடத்தில், கேமராவோடு நான் நின்றேன். என்னோடு படித்த செல்வராஜ் கேமராவுக்குக் குடை பிடித்தான். எனக்குக் குடை இல்லை. கேமரா இன்ஸ்டிட்யூட்டின் சொத்து, நீ உங்கள் வீட்டின் சொத்து, இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும் என்று காரணமும் சொன்னான்.

டைரக்டர் கோபிநாத் என் காதருகே வந்து நின்றான். தாடி. தோளில் ஜோல்னாப்பை. பெரிய பெரிய கட்டம் போட்ட சட்டை.

"சுகந்தி, இப்ப வெளிய வரப்போறது மனுஷங்க இல்லை. நடமாடற எலும்புக்கூடுங்க. அந்தச் சோர்வை அப்படியே அள்ளிடணும். ஒரே டேக். பிலிம் ஸ்டாக் அவ்வளவுதான் இருக்கு."

தெரியும் என்றேன். ஸ்டாக் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னதே நான்தான்.

கேட்டில் ஒருவரும் வரவில்லை. உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ சோப்பு கேட்டார்கள். வெயில் என் உச்சந்தலையில் ஒரு தட்டை வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

பிறகு ஏதோ அசைந்தது. கோபிநாத் மூச்சை இழுத்தான்.

முதலில் வெளியே வந்தது ஆள் இல்லை. ஒரு பெஞ்ச்.

கேண்டீன் பெஞ்ச். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துக் கொண்டுவந்து கேட்டுக்கு முன்னால் போட்டார்கள். அதன் பின்னால் இன்னொரு பெஞ்ச். அதன் பின்னால், கை வைத்த மர நாற்காலி ஒன்று, தலைக்குமேல் தூக்கியபடி.

"எலும்புக்கூடுங்க எங்க?" என்று கோபிநாத் மெதுவாகக் கேட்டான்.

எதற்காக டிரெய்லர்

இந்தத் தொடரைப் போன வாரம் படித்த வாசகி ஒருவர், படமே எடுக்காத மாணவர்கள் டிரெய்லர் எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. நாங்களும் அதைத்தான் கேட்டோம்.

நான் அப்போது சென்னையில் ஒளிப்பதிவு டிப்ளமோ கடைசி வருடம். அதற்கு முன்னால் செங்கல்பட்டில் இயற்பியல் முடித்திருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அப்பா கல்யாண வீடுகளில் என் படிப்பைப் பற்றிக் கேட்டால், "லேப் டெக்னீஷியன் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்.

அந்த வருடம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பிலிம் முழுதாக வந்து சேரவில்லை. எங்கோ கப்பலில் இருக்கிறது என்றார்கள். வந்தவரைக்கும் எல்லாக் குழுவுக்கும் முழுப்படம் எடுக்கக் காணாது. எனவே புது ஏற்பாடு: ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு சுருள். அதில் தாங்கள் எடுக்கப்போகும் படத்துக்கு ஒரு டிரெய்லர் எடுத்துக் காட்ட வேண்டும். தேறுகிற குழுவுக்குத்தான் பிலிம். தேறாதவர்கள் தேறியவர்களுக்கு வயர் சுருட்ட வேண்டும்.

ஊரில் எல்லோரும் படம் எடுத்துவிட்டு டிரெய்லர் வெட்டுவார்கள். நாங்கள் டிரெய்லரைக் காட்டிப் படம் வாங்கப் போனோம்.

எனக்கு மட்டும் அதில் ஒரு கிளைச் சட்டம் இருந்தது. ஒளிப்பதிவு ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த டிரெய்லர் நீ எடு. நல்லா வந்தா டிப்ளமோ படமும் உன் கேமராதான். இல்லைன்னா செல்வராஜ் பண்ணட்டும். நீ பிலிம் கழுவற லேபுக்கு வந்துடு. உனக்குக் கெமிக்கல் கை நல்லா வருது. பொம்பளைப் பிள்ளைக்கு நிழல்ல வேலை."

அவர் கெட்டவர் இல்லை. என் எதிர்காலத்தை ஏற்கெனவே யோசித்து முடித்து, அதற்கு ஒரு மின்விசிறியும் போட்டு வைத்திருந்தார்.

செல்வராஜும் கெட்டவன் இல்லை. "நீ நல்லாப் பண்ணு. சொதப்புனா நான் இருக்கேன்" என்பான். இரண்டையும் ஒரே அன்போடு சொல்வான்.

இரும்பு மூச்சு

அதுதான் படத்தின் பெயர். கோபிநாத்தின் கதை. ஆலைத் தொழிலாளி ஒருவன் வேலை செய்கிறான், களைக்கிறான், மேலும் வேலை செய்கிறான், மேலும் களைக்கிறான். கடைசியில் சங்கு ஊதுகிறது. கோபிநாத்தின் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக்கடை. இரும்போடு அவனுடைய உறவு அவ்வளவுதான்.

டிரெய்லருக்கு என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினோம். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏரியில் விடியல். தனியாக ஒரு நாரை பறந்து போவது. லாரிப் புழுதியில் மறையும் மாட்டு வண்டி. கதாநாயகனின் கண்கள், மிக அருகில். ஆலைக் கேட்டில் தேய்ந்த முகங்கள், வரிசை வரிசையாக. பின்னணியில் அவன் குரல். கடைசியில் பெயர்.

பெண் ஒருத்தியும் இல்லையே என்று கேட்டேன். ஏரி ஒரு பெண்தான் என்றான்.

நான் என் பங்குக்குப் பக்கத்தில் வேறு வரிசை எழுதினேன். எந்த லென்ஸ், எந்த நேரம், வெயில் எந்தப் பக்கம், எத்தனை அடி பிலிம். கேட் காட்சிக்குக் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்கினேன். அதுதான் டிரெய்லரின் உயிர் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டை இல்லை.

ஆலைக்கு எங்கே போவது? என் தாய்மாமா மாணிக்கம் அந்த நட்டு போல்ட்டுக் கம்பெனியில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதும் வேலை. மேனேஜரிடம் பேசி, கேட்டுக்கு வெளியே நின்று எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

"எல்லாரையும் நான் ரெடி பண்ணி வெச்சுடறேன். நீ கவலைப்படாதே" என்றார் மாமா.

அந்த வாக்கியத்தை நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

அளக்க வந்தவர்கள்

இன்ஸ்டிட்யூட் வேனுக்கு டீசல் இல்லை. அதிகாலை ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பஸ் பிடித்தோம். கேமராப் பெட்டி என் மடியில். முக்காலி செல்வராஜ் தோளில். கோபிநாத் கைகளில் கதை.

அந்தப் பஸ்ஸில் வல்லக்கோட்டைக்குப் போகும் ஒரு குடும்பம் முருகனுக்கு மொட்டையடிக்க ஒரு பையனைக் கூட்டிப்போனது. பையன் முக்காலியைப் பார்த்து அழ ஆரம்பித்தான். மொட்டையடிக்கிற மெஷின் என்று யாரோ விளையாட்டாகச் சொல்லிவிட்டார்கள்.

பெரியவர்களுக்கு அந்த முக்காலி வேறு மாதிரித் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் அப்போது முக்காலியோடு வந்தவர்கள் எல்லாம் நிலம் அளக்க வந்தவர்கள்தான். ஏரிக்கரையில் இறங்கி நான் அதன் கால்களை விரித்து நிறுத்தியதும், வயலிலிருந்து ஒருவர் சேற்றுக்காலோடு ஏறி வந்துவிட்டார்.

"இன்னாமா, எந்தக் கம்பெனிக்கு?"

"கம்பெனி இல்லைங்க. சினிமா."

"அப்பிடித்தான் சொல்வீங்க. மூணாம் மாசம் ஒருத்தன் வந்தான். கொக்கு பாக்க வந்தேன்னான். அப்பறம் கல்லு நட்டுட்டுப் போயிட்டான்."

கோபிநாத் முன்னால் வந்து, "ஐயா, நாங்களும் கொக்கு பார்க்கத்தான் வந்திருக்கோம்" என்றான்.

அதன் பிறகு அவரைச் சமாதானப்படுத்த வெகுநேரம் ஆனது. விடியல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

நாரை காத்திருந்தது. அதுதான் பிரச்சினை. கேமரா ஓடும்போது பறக்கவில்லை. நிறுத்தினால் சிறகை விரித்தது. மறுபடி ஓட்டினால் மடக்கிக்கொண்டது. கோபிநாத் கைதட்டினான். செல்வராஜ் கல்லெறிந்தான். கல் விழுந்த சத்தத்தில் மாடுகள் மிரண்டன. நாரை ஒற்றைக் காலில் நின்று எங்கள் மூவரையும் ஆராய்ந்தது. அந்த நாரை தின்ற பிலிமில் ஒரு சின்னக் குடும்பத்தின் முழுக் கதையையும் எடுத்திருக்கலாம். கேட் காட்சிக்கு நான் தாராளமாக ஒதுக்கிய அடிகளும், மாட்டு வண்டிக்கும் கதாநாயகனின் கண்களுக்கும் ஒதுக்கியவையும் அதன் ஒற்றைக் காலுக்குப் போயின.

மீதி இருந்தது ஒரே ஒரு டேக்குக்கு.

மாமாவின் கரும்பலகை

என்ன நடந்தது என்று பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. டைம் ஆபீசுக்கு வெளியே ஒரு கரும்பலகை உண்டு. ஓ.டி. யாருக்கு, லீவு என்றைக்கு என்றெல்லாம் மாமா அதில் எழுதுவார். முதல் நாள் அதில் எழுதியிருக்கிறார்: "நாளை ஏ ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் படம் எடுக்கிறார்கள். அனைவரும் நல்ல உடையில் வரவும்."

அந்தக் கம்பெனியில் படம் எடுப்பது என்றால் ஒன்றுதான். ஆயுத பூஜை குரூப் போட்டோ. வருடத்துக்கு ஒரு நாள் மெஷின்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து முடித்ததும், காஞ்சிபுரத்திலிருந்து போட்டோக்காரர் வருவார். கேட்டுக்கு முன்னால் பெஞ்ச் போடுவார்கள். உயரமானவர்கள் பெஞ்ச்மேல், மற்றவர்கள் தரையில் நின்று, பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, நடுவில் நாற்காலியில் சூப்பர்வைசர். அந்தப் போட்டோ டைம் ஆபீஸ் சுவரில் ஒரு வருடம் தொங்கும். வரும்போதும் போகும்போதும் நேரம் பதிய அட்டை குத்துகையில் எல்லோரும் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

போன வருடப் போட்டோவில் ஒரு விபரீதம். லேத் செக்‌ஷன் முனுசாமி அண்ணன் அந்த நேரம் பார்த்துத் தும்மிவிட்டார். சட்டை இருக்கிறது. கழுத்து இருக்கிறது. கழுத்துக்கு மேல், தலை அசைந்து கலங்கி, ஒரு வெள்ளை மேகம். ஒரு வருடமாக அவர் அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அட்டை குத்திக்கொண்டிருந்தார். மற்றவர்களும் சும்மா இல்லை. அவர் லீவு போட்டால், "அண்ணன் இன்னைக்கு மழையா" என்று கேட்பார்களாம்.

இதில் நான் மட்டும் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. எனக்கே ஐந்து வயதில் செங்கல்பட்டு ஸ்டுடியோ ஒன்றில் போட்டோ எடுத்தார்கள். அதில் நான் டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இந்த நிமிடம் வரை டெலிபோன் வரவில்லை. கேமராவுக்கு முன்னால் போகிறவர்கள் தினமும் இருக்கிற மாதிரியா போவார்கள்?

அசைந்தால் கலங்கிடும்

பெஞ்சுகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். கோபிநாத்தின் எலும்புக்கூடுகள்.

தலையில் எண்ணெய். முகத்தில் பவுடர், சிலருக்குக் கழுத்து எல்லை வரை. வெளுத்து மடிப்புக் கலையாத சட்டைகள். பாக்கெட்டில் சீப்பு, பேனா, இரண்டு பேருக்குக் கறுப்புக் கண்ணாடி. பெண்கள் தலையில் கனகாம்பரம். ஒருவர் மட்டும் கோட்டு போட்டிருந்தார். கல்யாணத்துக்குத் தைத்ததாம்.

முன்னால் வந்தவர் பேக்கிங் செக்‌ஷன் சரோஜாக்கா. கம்பெனியில் யாருக்கு என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் அவர்தான் சொல்வார் என்று மாமா முன்பே சொல்லியிருந்தார்.

"இன்னாமா, நீதான் போட்டோக்காரம்மாவா? பாத்தா படிக்கிற பொண்ணு மாரி கீறே."

"படிக்கிற பொண்ணுதான்க்கா."

"தாடி வெச்சுகினு நிக்கிறாரே, அவரு?"

"அவர் டைரக்டர்."

"போட்டோ நீ புடிக்கிறே. அவரு இன்னாத்துக்கு?"

செல்வராஜ் குடையைச் சற்றே இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

கோபிநாத் மாமாவைப் பார்த்தான். மாமா பெருமையோடு, "எப்படி, சொன்ன மாதிரி ரெடி பண்ணிட்டேன் பாத்தீங்களா" என்றார். அவர் கையில்தான் வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைக் கொடுத்திருந்தோம். உச்சி வெயிலில் கண்களுக்குக் கீழே விழும் நிழலைப் போக்க, வெளிச்சத்தை முகங்கள்மேல் திருப்ப வேண்டும்.

கோபிநாத் எல்லோர் முன்னாலும் போய் நின்று கும்பிட்டான்.

"தோழர்களே, பெஞ்ச் வேண்டாம். எல்லாரும் மறுபடி உள்ள போய், வேலை முடிஞ்சு களைச்சுப்போய் வீட்டுக்கு நடந்து போற மாதிரி வரணும். சாதாரணமா."

"வூட்டுக்குப் போறத எவனாச்சும் போட்டோ எடுப்பானா சார்?" என்றார் சரோஜாக்கா. "நடந்தா கலங்கிடும். முனுசாமியண்ணன் கத உங்களுக்குத் தெரியாது."

"இது போட்டோ இல்லைங்க. சினிமா. இதுல அசையலாம். அசையணும்."

பெஞ்ச்மேல் ஏறிவிட்ட ஒருவர் அங்கிருந்தே சொன்னார். "மொதல்ல நேரா ஒண்ணு எடுத்துடு சார். அப்பறம் எவ்ளோ வேணா அசையறோம்."

அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். அது முடிவாகிவிட்டது. வரிசைகள் தாமாக அமைந்தன. வருடா வருடம் நின்ற இடம். யார் தோளுக்குப் பின்னால் யார் என்று ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மாமா ஒருகணம் தவித்தார். பிறகு வெள்ளித்தாள் பலகையைத் தரையில் வைத்துவிட்டு, ஓடிப்போய் சூப்பர்வைசருக்கு வலப்பக்கம் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

நடுவில், பெஞ்ச்மேல், முனுசாமி அண்ணன். நரைத்த மீசை, கைக்கடிகாரம், கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. மூக்கில் ஒரு துளி கூட நம்பிக்கை வைக்காதவர்போல உதடுகளை இறுக்கியிருந்தார்.

"பேக் அப்" என்றான் கோபிநாத். "எல்லாம் போச்சு. ஸ்டாக்கை மிச்சம் பண்ணு. வேற ஆலை பார்க்கலாம்."

வேறு ஆலைக்கு எங்கே போவது? அடுத்த நாள் கேமராவை இன்ஸ்டிட்யூட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தேன்.

தெரிந்தவை: மூன்று வரிசை. எண்ணெயில் பளபளக்கும் நெற்றிகள். மடியில் ஒரே மாதிரி வைத்த கைகள், எத்தனை தேய்த்தும் போகாத கறுப்பு நகங்கள். பின்னால் திறந்த கேட், அதற்குள் இருட்டில் மெஷின்கள். மாமா தரையில் போட்டுவிட்டுப் போன பலகை, தவறான கோணத்தில் கிடந்தும், சரியாக முன்வரிசை முகங்களுக்கு வெளிச்சம் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு கனகாம்பரச் சரம் மட்டும் காற்றில் ஆடியது. வேறு எதுவும் ஆடவில்லை.

ஒரு ஆளும் மூச்சு விடவில்லை.

நான் பட்டனை அழுத்தினேன்.

கேமரா கர்ரென்று ஓட ஆரம்பித்ததும் அவர்கள் இன்னும் இறுகினார்கள். காஞ்சிபுரத்துப் போட்டோக்காரருடைய கேமரா ஒரு கிளிக்கோடு முடித்துவிடும். இது முடிக்கவில்லை. அவர்களும் முடிக்கவில்லை. சூப்பர்வைசரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒருவருடைய கறுப்புக் கண்ணாடி மூக்கில் மெல்லச் சரிந்தது. அவர் அதை விட்டுவிட்டார்.

"கட்" என்றான் கோபிநாத்.

நான் விரலை எடுக்கவில்லை.

"சுகந்தி, கட்."

"ஸ்டாக் போகுது" என்று செல்வராஜ் குடைக்குள்ளிருந்து முனகினான். மிச்சப் பிலிமைக் காட்டும் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். சொதப்பினால் லேப். நிழல். மின்விசிறி.

சரோஜாக்கா உதடு அசையாமல், பல்லிடுக்கு வழியாகக் கேட்டார். "ஆச்சாமா? மூச்சு முட்டுது."

அப்போதுதான் கோபிநாத் கேமராவுக்கு முன்னால் பாய்ந்தான். இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்கும் நெடுக்கும் வீசி, "கட், கட், கட்" என்றபடி ஓடினான். மாமா போட்ட வெள்ளித்தாள் பலகையில் கால் வைத்தான். பலகை வழுக்கியது. ஒரு செருப்பு சூப்பர்வைசர் மடியில் போய் விழுந்தது. கோபிநாத் விழவில்லை. விழாமல் இருக்க அவன் ஆடிய ஆட்டம்தான் மோசம்.

சரோஜாக்காவிடமிருந்து ஆரம்பித்தது. முதலில் ஒரு விக்கல். பிறகு முன்வரிசை முழுதும் சரிந்தது. பெஞ்ச்மேல் நின்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கோட்டுக்காரர் கீழே இறங்கிவிட்டார். சூப்பர்வைசர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வயிறு குலுங்கினார். அடக்கிய மூச்செல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

முனுசாமி அண்ணன் மட்டும் அசையவில்லை. சுற்றிலும் ஊரே குலுங்க, நடுவில் நட்ட கல்போல நின்றார். கேமராவை, அதாவது என்னை, நேராகப் பார்த்துக்கொண்டு.

சுருள் தீர்ந்து, வால் படபடவென்று அடித்தது.

கட்டம் போட்ட சட்டை

திரும்பும் ரயில் தாம்பரத்தில் நின்றபோது கோபிநாத், "கேமரா செல்வராஜுக்குத்தான்" என்றான். செல்வராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிலிம் கழுவி வந்தது. கேட் காட்சியைத் தூக்கிவிட்டால் டிரெய்லரில் ஏரியும் ஒற்றைக்கால் நாரையும்தான் மிஞ்சும். அதனால் அதைச் சேர்த்தே ஆக வேண்டும். கோபிநாத் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து தன்னை வெட்டப் பார்த்தான். அவனை வெட்டினால் சிரிப்புக்குக் காரணம் இல்லை. சிரிப்பை வைத்தால் அவன் வந்தான். கடைசியில், கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் தன்னை விட்டுவைத்தான். அவனுடைய குரலோ முன்பே பதிவு செய்தாகிவிட்டது. மாற்ற ஸ்டுடியோ நேரம் கிடைக்கவில்லை.

போட்டுக் காட்டும் நாள் வந்தது. முன்வரிசையில் ஆசிரியர்கள். அவர்களோடு வெளியிலிருந்து வந்த ஒரு வயதான ஸ்டுடியோ கேமராமேன்.

ஏரி வந்தது. நாரை வந்தது, நின்றது, போகவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். பிறகு திரை முழுக்க மூன்று வரிசை மனிதர்கள். அசையாமல்.

படம் நின்றுவிட்டது என்று நினைத்து ஒருவர் புரொஜெக்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கனகாம்பரம் ஆடுவதைப் பார்த்துவிட்டு மெல்ல முன்னால் திரும்பினார். அதற்குப்பின் கொட்டாவி இல்லை.

கோபிநாத்தின் குரல் இருட்டில் கனமாக எழுந்தது. "இவர்கள்... சிரிப்பை மறந்தவர்கள்..."

சரோஜாக்கா விக்கினார்.

தியேட்டரில் அன்று எழுந்த சிரிப்பை நான் வேறு எந்தக் காட்சிக்கும் கேட்டதில்லை. ஒளிப்பதிவு ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விளக்கு போட்டதும் வயதானவர் கேட்டார். "நடுவுல ஒரு சட்டை ஓடிச்சே, கட்டம் போட்டது. யாரது?"

எல்லோரும் திரும்பினார்கள். கோபிநாத் அதே சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் இருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான். முக்கியமான நாள் என்று போட்டு வந்திருந்தான்.

"தம்பி, கைய ஆட்டினீங்களே, கட்டுன்னுதானே?"

"ஆமா சார்."

"கேமரா யாரு?"

நான் எழுந்தேன். என் ஆசிரியர் என்னைப் பார்த்தார். செல்வராஜ் தரையைப் பார்த்தான்.

"டைரக்டர் கட் சொன்னது உனக்குக் கேக்கலியாமா?"

"கேட்டுது சார்."

"பின்னே?"

"அவங்க இன்னும் முடிக்கல சார்."

அவர் பக்கத்திலிருந்த என் ஆசிரியரிடம் குனிந்தார். "இந்தப் பொண்ண லேபுக்கு அனுப்பப் போறதா யாரோ சொன்னாங்களே?"

"லேபுக்கு வேற ஆள் பார்த்துக்கலாம் சார்" என்றார் ஆசிரியர். என் எதிர்காலத்திலிருந்து மின்விசிறியைக் கழற்றும் சத்தம் எனக்குக் கேட்டது.

எங்களுக்குப் பிலிம் கிடைத்தது. கேமரா எனக்கு. செல்வராஜ்தான் முதலில் கைகொடுத்தான்; அதே அன்போடு. படம் எப்படி வந்தது என்பதற்கு இங்கே இடமில்லை. எலும்புக்கூடு ஒன்றுகூட அதில் வரவில்லை.

நேரா ஒண்ணு

சிரித்த காட்சியில் ஒரு துண்டைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, கம்பெனிக்கு எடுத்துப்போனேன். எனக்குக் கேமராவை வாங்கிக் கொடுத்த துண்டு. பெருமையாகத்தான் போனேன்.

டைம் ஆபீஸ் வாசலில் கூடிவிட்டார்கள். சரோஜாக்கா வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னாமா இது. ஆபீசுல மாட்டற போட்டோல இத்தினி பல்லா?"

"நல்லா இருக்கேக்கா."

"நல்லாதான் கீது. பந்தியில குந்தினுகீறப்ப எடுத்த மாரி கீது. மூச்சப் புடிச்சுகினு அத்தினி நேரம் நின்னமே, அது எங்க?"

மாமாவும் மெதுவாக, "சூப்பர்வைசர் கையில செருப்பு தெரியுதும்மா" என்றார்.

திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். இன்ஸ்டிட்யூட் லேபில், எனக்கென்று ஒதுக்கப்பட இருந்த அதே மின்விசிறிக்குக் கீழே, நெகட்டிவில் பின்னோக்கிப் போய் ஒரு துண்டைத் தேடினேன். கோபிநாத் வருவதற்கு முன்னால். கண்ணாடி சரிவதற்கு முன்னால். ஒருவரும் அசையாதது.

அடுத்த முறை போனபோது மாமா பழைய போட்டோவைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே புதியதை மாட்டினார். சினிமா பிலிமிலிருந்து பெரிதாக்கியதால் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அவரவர் அவரவரைக் கண்டுபிடித்து, சரி என்று விலகினார்கள்.

முனுசாமி அண்ணன் கடைசியாக வந்தார். லேத் எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"நாந்தான்" என்றார்.

"பின்ன யாரு? இனிமேலாவது கொஞ்சம் சிரிண்ணா" என்றார் சரோஜாக்கா.

அவர் அப்போதும் அசையவில்லை.